வெள்ளைப் பாத்திகளின் உயரம்

என் தலையில் மிச்சமிருக்கும் பதினோரு முடியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பதினோரு முடிதானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். தலை நிறைய வைத்திருப்பவன், நாலு போனால் போகட்டும் என்று துணிந்து சத்தியம் செய்துவிடுவான். எண்ணி வைத்திருப்பவனுக்கு அந்தத் துணிச்சல் வராது.

நான் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் அளவுக்காரன். செடிக்குப் பக்கத்தில் கோலை நட்டு, உயரம் எவ்வளவு என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதை எழுதிக்கொள்பவள் என் மருமகள். அந்தப் பண்ணையின் ஆராய்ச்சிக்காரி. பயிருக்குத் தண்ணீர் விடுவதும் மருந்து தெளிப்பதும் அவளைப் பெற்ற அப்பா, அதாவது என் சம்பந்தி. உரக் கிடங்குக்குப் பொறுப்பானவரைப் பண்ணை முழுவதும் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடும். அவர் கிடங்குக்கு மூன்று பூட்டுப் போடுவார். மூன்றையும் இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்துவிட்டு, முதல்முறை இழுத்தபோது தன்னைத் தானே ஏமாற்றியிருப்போமோ என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார்.

மருமகளின் ஆராய்ச்சி பேபி கார்னைப் பற்றியது. மக்காச்சோளக் கதிர் விரல் பருமனில் இருக்கும்போதே பறித்துவிட்டால் அதுதான் பேபி கார்ன். அதற்கு மண்ணில் ஜிங்க் சல்பேட் என்னும் துத்தநாக உரம் போட்டால் வளர்ச்சி எவ்வளவு கூடும், விளைச்சல் எவ்வளவு கூடும் என்று அவள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிரந்தரம். முதல் பருவத்தை மழை கொண்டு போனது. இரண்டாம் பருவத்தை எருமைகள் கொண்டு போயின. மூன்றாவது விதைப்பன்று பண்ணை இயக்குநர் வந்து, வரப்பில் நின்றபடி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். மீன் குட்டையின் வரைபடம்.

“இந்தத் தடவையும் கதை சொன்னீங்கன்னா, இந்த நிலத்துல குட்டை வெட்டிடுவேன். நீங்களும் வேற வேலை பாத்துக்கலாம்” என்றார். மீனுக்கு மழையாலும் எருமையாலும் ஆபத்தில்லை என்பது அவருடைய கணிப்பு.

ஆகவே மருமகள் அந்தப் பருவத்தில் யாரையும் எதையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தாள். மொத்தம் பன்னிரண்டு பாத்தி. மூன்றுக்கு ஜிங்க் கிடையாது. அவற்றில் வெள்ளைக் கொடி. மற்ற ஒன்பதில் சிவப்புக் கொடி. மும்மூன்றாகப் பிரித்து, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவினாள். செடிக்கு வேண்டிய ஜிங்க் சிட்டிகைக் கணக்கு. மண்வெட்டியில் ஒட்டிய மண்கூடச் சிவப்பிலிருந்து வெள்ளைக்குப் போய்ச் சேரக் கூடாது. எனவே எல்லாம் இரண்டிரண்டு. சிவப்பு மண்வெட்டி, வெள்ளை மண்வெட்டி. சிவப்புத் தெளிப்பான், வெள்ளைத் தெளிப்பான். சிவப்பு அளவுகோல், வெள்ளை அளவுகோல். எனக்குச் செருப்புகூட இரண்டு ஜோடி. வரப்பில் ஒற்றைக் காலில் நின்று நான் செருப்பு மாற்றும்போதெல்லாம் சம்பந்தி வேலையை நிறுத்திவிட்டுக் கை தட்டுவார்.

“நாட்டியம் முடிஞ்சுதா சம்பந்தி? இன்னொரு தடவை ஆடுங்க, இந்தப் பக்கம் சரியாத் தெரியலை.”

“கீழ விழுந்தா உங்க மேலதான் விழுவேன், தள்ளி நில்லுங்க.”

மருமகள் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தாள். “மாமா, கண்ணை மட்டும் நம்பாதீங்க. கண்ணு எதுக்கு ஆசைப்படுதோ அதைத்தான் பாக்கும். கோல் என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்க.”

“அப்படியே ஆகட்டும்மா” என்றேன். நான் பேச்சு மாறுகிறவன் இல்லை.

எடைக் கொட்டகையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. மூன்று கால் முழுக்கக் கறுப்பு. நான்காவது கால் மேலே கறுப்பு, கீழே ஒரு சாண் வெள்ளை. உடைந்து கிடந்ததை நானே ஒட்டுப் போட்டேன். தச்சு வேலையில் நான் சுமார்தான். ஆனாலும் அதில் உட்கார்ந்து இதுவரை யாரும் விழுந்ததில்லை.

பயிர் பிரமாதமாக வந்தது. அந்த மண்ணின் வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒருநாள் மதியம் ஒரு சிவப்புச் செடியின் மேல் துண்டைக் காயப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது துண்டு கைக்கு எட்டவில்லை. சம்பந்தியின் தோளில் ஏறித்தான் எடுத்தேன். சாட்சி வேண்டுமென்றால் துண்டு இருக்கிறது.

இருபத்தைந்தாம் நாள் முதல் அளவு. மருமகள் வரப்பில் நோட்டோடு நின்றாள். நான் சிவப்புச் செருப்பு, சிவப்புக் கோலோடு ஒன்பது பாத்தியையும் முடித்தேன். சராசரி ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். செருப்பை மாற்றிக்கொண்டு, வெள்ளைக் கோலை எடுத்தேன்.

“எழுபத்தொண்ணு.”

பேனா நின்றது. “என்ன மாமா சொன்னீங்க?”

“எழுபத்தொண்ணு.”

“அடுத்த செடி?”

“எழுபது. அதுக்கடுத்தது எழுபத்திரண்டு.”

மருமகள் பாத்திக்குள் இறங்கி வந்தாள். வெள்ளைப் பாத்திச் செடிகளின் இலைகள் சோகை பிடித்தாற்போல் இருந்தன. நடு நரம்பின் இரண்டு பக்கமும் வெளுத்த கோடுகள். ஜிங்க் கிடைக்காத சோளம் அப்படித்தான் இருக்கும். அவள் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“இலையப் பாத்தா பட்டினி கிடந்த மாதிரி இருக்கு. உயரத்தப் பாத்தா விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கு. பார்வைக்கு என்னவோ சிவப்புதான் உசரமாத் தெரியுது. எதை மாமா நம்பறது?”

“நீதானேம்மா சொன்னே, கண்ணை நம்பாதே, கோலை நம்புன்னு.”

“கோல் சரியாத்தானே இருக்கு?”

“நேரா இருக்கும்மா” என்று, சேற்றில் புதைந்திருந்த கோலை அசையாமல் பிடித்துக் காட்டினேன். வில் போல் வளையாமல் நேராகத்தான் இருந்தது.

அவள் மெதுவாகச் சுற்றிலும் பார்த்தாள். கிடங்கைப் பார்த்தாள். தெளிப்பானைத் தோளில் மாட்டியிருந்த தன் அப்பாவைப் பார்த்தாள். கடைசியாக என்னையும் பார்த்தாள்.

“யாரோ வெள்ளைப் பாத்திக்கு எதையோ போடறாங்க” என்றாள்.

அன்றோடு பண்ணையில் நிம்மதி போயிற்று. வெள்ளைப் பாத்தியில் கலப்படம் என்றால் மூன்றாம் பருவமும் பாழ். அவள் வேலையும் போய், நிலமும் குட்டையாகிவிடும். போடுகிற ஆள் யார்?

பூட்டு உடனே கிடங்கைத் திறந்து மூட்டையை எடை போட்டார். ஜிங்க் சல்பேட்டில் அரைக் கிலோ குறைந்தது. அரைக் கிலோ போதும், மூன்று பாத்தியும் கெட்டுப்போக. அன்று மாலை நான்காவது பூட்டு தொங்கியது. பூட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க சம்பந்தி பாத்திக்குள்ள போனா வாய் அசையுது. யார்கிட்டயோ பேசறார்.”

நான் சம்பந்தியிடம் போனேன். “பூட்டு உங்களப் பத்தி ஒரு மாதிரி பேசறார்.”

“அவரா? அவர் போட்ட பூட்டுக்கு அவர்கிட்டதானே சாவி இருக்கு? வெளியாள் எப்படி சம்பந்தி அரைக் கிலோ எடுக்க முடியும்?” என்றார். பிறகு குரலை இறக்கினார். “இன்னொண்ணும் சொல்றேன். கோல் உங்க கையில. நம்பர் சொல்றது உங்க வாய். என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் சம்பந்தின்னுகூடப் பாக்க மாட்டேன்.”

“பாக்காதீங்க. யார் பாக்கச் சொன்னா?”

அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில் சாப்பிட்டாலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். பெஞ்சுக்கு இரண்டு பக்கம்தான் என்பதால் மூன்றாம் ஆள் குறுக்கே உட்கார வேண்டியிருந்தது. ஒருவர் எழுந்து கை கழுவப் போனால் மற்ற இருவரும் வாய்க்குள் சோற்றை அப்படியே நிறுத்திவைத்து, அவர் குழாய்க்குத்தான் போகிறாரா என்று பார்ப்போம். மருமகள் எங்கள் மூவரையும் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். நான் உப்புக் கேட்டால், “எதுக்கு மாமா?” என்பாள்.

நாற்பத்தைந்தாம் நாள் இரண்டாவது அளவு. சிவப்பு நூற்று அறுபது. வெள்ளை நூற்று எழுபத்திரண்டு.

சேதி போய், இயக்குநரே வந்துவிட்டார். எடைக் கொட்டகையில் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. விழவும் இல்லை அவர். வெள்ளைக் காலின் மேல் தன் காலை ஊன்றிக்கொண்டு எங்கள் நால்வரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

“கதிர் பறிக்கிறதுக்குள்ள திருடன் யாருன்னு தெரியணும். தெரியலைன்னா குட்டைதான்” என்றார். “உங்கள்ல யாருக்காவது மீன் புடிக்குமா?”

மீன் பிடிக்கும் என்று சொன்னாலே குற்றம் நிரூபணம் ஆகிவிடும்போல் இருந்தது. எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் மதியம் நான் துப்புத் துலக்கப் புறப்பட்டேன். எல்லோரும் சாப்பிட்டுக் கண் அசரும் நேரம். ஏழாம் பாத்தியின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வெயில் உச்சியில் நின்றது. இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்துக்கு நடுவே, பக்கத்துப் பாத்தியில் ஒரு தும்மல். எட்டிப் பார்த்தேன். பூட்டு, என்னைப் போலவே குத்துக்காலிட்டு.

“என்ன ஐயா பண்றீங்க இங்க?”

“நீங்க என்ன பண்றீங்களோ அதைத்தான்.”

“நான் உங்களைப் புடிக்க வந்தேன்.”

“நான் உங்களைப் புடிக்க வந்தேன்.”

ஒருவரையொருவர் பிடித்தாகிவிட்டது. அடுத்து என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. “சரி, அரைக் கிலோ எங்க போச்சு? அதை மட்டும் சொல்லுங்க” என்றேன்.

பூட்டின் முகம் சிவப்புக் கொடியின் நிறத்துக்கு வந்தது. “எங்க வீட்டு ரோஜாச் செடி, ஐயா. இலையெல்லாம் வெளுத்துக் கிடந்துச்சு. மனசு கேக்கலை. ஒரு பொட்டலம்தான்.”

“ரெண்டு தடவ இழுத்துப் பாத்தும் பூட்டு தாங்கலையே.”

“வெளிய இருந்து வர்றவனுக்குத்தானே பூட்டு” என்றார் அவர், மிகவும் வருத்தமாக.

அப்போதுதான் வரப்பில் காலடிச் சத்தம் கேட்டது. சம்பந்தி வந்தார். கையில் வாளி, வாளி நிறையத் தண்ணீர். இரண்டு பக்கமும் பார்த்தார். நேராக வெள்ளைப் பாத்திக்குப் போனார். ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டே பேசினார்.

“குடிங்க கண்ணுங்களா. அவங்களுக்கெல்லாம் வேளாவேளைக்குப் போடறாங்க. உங்களுக்கு யார் இருக்கா? கொடியக்கூட வெள்ளையா நட்டு வச்சிருக்காங்க, சரணடைஞ்ச மாதிரி.”

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். சம்பந்தி குவளையைக் கீழே போட்டுவிட்டார்.

பூட்டு வாளியை விரலால் தட்டிப் பார்த்தார். தகர வாளி. துருப்பிடிக்காமல் இருக்க ஜிங்க் பூசியது.

விசாரணை எடைக் கொட்டகையில் நடந்தது. மருமகள் நின்றாள். சம்பந்தி நின்றார். வாளி நடுவில் இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்; வயதில் பெரியவன்.

“நீங்களாப்பா?”

“தண்ணிம்மா. வெறும் தண்ணி. பாவமா இருந்துச்சு.”

“எந்த வாளிப்பா?”

சம்பந்தி வாளியைப் பார்த்தார். வாளி என்ன சொல்லும்?

“மூணு பருவம்பா. மழை வந்துச்சு, சரி, எருமை வந்துச்சு, சரி. அதுங்களுக்கு என்னை யாருன்னு தெரியாது.” நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். பூட்டு வாளியைக் கிடங்கில் வைத்து, அதற்கென்றே ஐந்தாவது பூட்டு ஒன்று போட்டார்.

பத்து நாள் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. வேலை நடக்க வேண்டுமே, நான்தான் நடுவில். ஒரு கை தூரத்தில் இருவரும் நிற்பார்கள்.

“மாமா, தெளிக்கிறவர்கிட்ட சொல்லுங்க, நாளைக்குச் செடி உச்சில வர்ற ஆண் பூவையெல்லாம் கிள்ளிடணும்.”

“சம்பந்தி, ஆராய்ச்சியம்மாகிட்ட சொல்லுங்க, ஆகட்டும்னு.”

“ஆகட்டுமாம்மா.”

“கேட்டுச்சு மாமா.”

சம்பந்தி இளைத்துப்போனார். அவருடைய சட்டைக்குள் இன்னொருவர் குடிவரலாம் என்ற அளவுக்கு இளைத்தார். வெள்ளைப் பாத்திப் பக்கம் போக நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். செடிகளும் அவர் போகிற பக்கம் இலையைத் திருப்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கண்ணை நம்பக் கூடாது என்பதால் நோட்டில் ஏறவில்லை. அந்தப் பத்து நாளும் ஸ்டூலில் உட்கார்ந்தால் எனக்கு என்னவோ குத்துவது போலவே இருந்தது. தச்சு வேலையில் நான் சுமார் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

பறிப்பு தொடங்கியது. கதிரின் நுனியில் பட்டிழை இரண்டு விரல் நீளம் எட்டிப் பார்த்ததும் பறித்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் முற்றிப்போகும். ஒரு வாரம் தினமும் காலையில் பறித்தோம். மேலுறையை உரித்து, இழையை நீக்கி, பாத்தி வாரியாகத் தட்டில் வைத்தோம். மருமகள் ஒவ்வொரு தட்டையும் தானே எடை போட்டாள். தராசுக்குப் பக்கத்தில் என்னையோ சம்பந்தியையோ பூட்டையோ அவள் விடவில்லை. கடைசி நாள் இயக்குநர் வந்தார். சட்டைப்பையில் வரைபடம் துருத்திக்கொண்டு நின்றது. என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“படிங்க.”

மருமகள் படித்தாள். “சிவப்பு, நடுத்தர அளவு, பாத்திக்கு ரெண்டு கிலோ. சிவப்பு, அதிக அளவு, ஒரு கிலோ தொள்ளாயிரம். குறைவான அளவு, ஒரு கிலோ அறுநூறு.” நிறுத்தினாள். “வெள்ளை, ஒரு கிலோ முந்நூறு.”

“இருங்க” என்றார் இயக்குநர். “உசரமா வளந்தது வெள்ளைன்னு சொன்னீங்க. காய்ச்சது சிவப்பா?”

மருமகள் உயர நோட்டைப் பார்த்தாள், எடை நோட்டைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பு நீங்கித் தெளிந்ததைப் பார்த்தபோது, ஜிங்க் போட்டாற்போல் இருந்தது.

“வெள்ளைக்கு யாரும் எதுவும் போடலை சார்” என்றாள். “அந்த வாளித் தண்ணில ஜிங்க் இறங்கியிருந்தா கதிரும் பெருத்திருக்கணும். இலையில கோடு போயிருக்கணும். போகலை. அப்பா ஊத்துனது வெறும் தண்ணிதான்.”

சம்பந்தி எழுந்து நின்றார்.

“அப்ப உயரம்?”

“அளவு அதுதான் சார், மூணு பாத்திலயும் ஒரே மாதிரி வந்திருக்கு. அப்படின்னா…” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஜிங்க் தண்டைக் குறைச்சு கதிருக்கு அனுப்புது. செடி குட்டை. கதிர் கொழுப்பு. காத்தடிச்சாலும் சாயாது.”

இயக்குநர் வரைபடத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில், “செடி குட்டை, கதிர் கொழுப்பு” என்று எழுதிக்கொண்டார். “இதை இதுக்கு முன்ன யாராவது சொல்லியிருக்காங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல சார்.”

“யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க” என்றேன் நான். என் மனத்தில் பட்டதைச் சொன்னேன்.

மருமகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். “சாப்பிட்டீங்களாப்பா?”

சம்பந்தி என்னைப் பார்த்தார். “சம்பந்தி, சாப்பிட்டேன்னு சொல்லுங்க” என்றார். பத்து நாள் பழக்கம் விடவில்லை. பிறகு அவராகவே சிரித்தார், கொஞ்சம் அழுதார், வாளியைத் திருப்பித் தரச் சொல்லிப் பூட்டைக் கேட்டார். ஐந்தாவது பூட்டின் சாவி மட்டும் எங்கே வைத்தோம் என்று பூட்டுக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

மாதம் முடிவதற்குள் மருமகளுக்கு வேலை நிரந்தரமானது. மீன் குட்டையை இயக்குநர் தன் வீட்டுக்குப் பின்னால் வெட்டிக்கொண்டார். பாத்திகளின் முன்னால் இரும்புப் பலகை ஒன்று நட்டார்கள். அதில் பெரிய எழுத்தில், ஜிங்க் போட்டால் செடி குட்டை, கதிர் கொழுப்பு. தூரத்திலிருந்தெல்லாம் விவசாயிகள் வந்து, பலகையைப் படித்துவிட்டு, உயர்ந்து நின்ற சிவப்புச் செடிகளை அண்ணாந்து பார்த்து, “ஆமா, குட்டைதான்” என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மருமகளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. எப்போதாவது அவள் எடைக் கொட்டகைக்கு வந்து, “மாமா, அந்த வெள்ளைக் கோலை எடுத்துக் குடுங்க, ஒரு தடவை பாக்கணும்” என்பாள். நான் ஸ்டூலில் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டு, அதைச் செல் அரித்துவிட்டது என்பேன். செல் அரித்ததும் உண்மைதான். அரித்து முடிக்கச் செல் எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டது என்று நினைத்தால் கோபம் வருகிறது.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்ல விட்டுப்போனது ஒன்றே ஒன்று: விதைப்புக்கு அடுத்த வாரம் ஸ்டூலின் கால் உடைந்தபோது, ஒட்டுப் போடுவதற்காக வெள்ளை அளவுகோலின் அடியிலிருந்து இருபது சென்டிமீட்டரை நான் அறுத்து எடுத்தேன்.